பம்பாயில் நடந்த ஒரு கல்யாணம்

சென்ற நவராத்திரிக்கு நம் சங்கத்து ஹாலில் கொலு வைத்திருந்த அத்தனை நாளும் நான் போயிருந்தேன். ரிடையர் ஆனவனுக்கு மாலை வேளையில் வேறு என்ன வேலை? ஒரு நாள் சுண்டல் விநியோகத்துக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைய கொண்டைக்கடலைச் சுண்டல் முழுவதையும் மாமி ஒருவர் தனி ஆளாகச் செய்து, இரண்டு பெரிய தூக்குகளில் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். அவருடைய கணவர் நம் சங்கத்தின் பழைய அங்கத்தினர். காலமாகி மூன்று வருஷங்கள் ஆகின்றன.

லலிதா சகஸ்ரநாமம் முடிந்தது. தாம்பூலத் தட்டு கிளம்பியது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் வைத்து வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். தட்டு தன் பக்கம் திரும்புவதற்கு முன்பே அந்த மாமி எழுந்து, யாரோ கூப்பிட்டதுபோல் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் போகச் சொல்லவில்லை. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எப்போது எழுந்து போக வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதுதான் என்னை உறுத்தியது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 1889-ஆம் வருஷம் இதே ஊரில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நடத்தி வைத்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். 'ஹிந்து' பத்திரிகையையும் 'சுதேசமித்திர'னையும் தொடங்கியவர் என்ற அளவில் அவரை நம்மில் பலர் அறிவோம். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு. அதனால் அவர் கதையை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

திருவையாற்றுப் பிள்ளை

சுப்பிரமணிய ஐயர் 1855-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி தஞ்சை ஜில்லா திருவையாற்றில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். இவருக்கு ஏழு வயதாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். பிறகு தாயாரின் பொறுப்பில்தான் வளர்ந்தார். தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸில் படித்து எஃப்.ஏ. தேறினார். சென்னைக்கு வந்து ஆசிரியர் பயிற்சி முடித்து, பள்ளிக்கூட வாத்தியாராக வேலை பார்த்துக்கொண்டே 1877-ல் தனியாகப் படித்து பி.ஏ. பட்டம் பெற்றார்.

கையில் பட்டம் இருந்தது. சர்க்கார் உத்தியோகம் கிடைத்திருக்கும். வக்கீலுக்குப் படித்திருந்தால் மயிலாப்பூரில் மாடி வீடு கட்டியிருக்கலாம். அவர் போன வழி வேறு.

1878-ல் டி. முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியாக நியமிக்கப்பட்டார். ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இதை எதிர்த்து எழுதின. பதில் சொல்ல நம்மவர் கையில் ஒரு பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் ஒன்றுகூடி ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்து, 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 'ஹிந்து'வை வெளியிட்டார்கள். அவர்களில் தலைமையானவர் சுப்பிரமணிய ஐயர். அப்போது அவருக்கு வயது 23. அவருடைய நண்பர் எம். வீரராகவாச்சாரியார் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். ஐயர் ஆசிரியரானார். வாரப் பத்திரிகை 1883-ல் வாரம் மும்முறையாயிற்று. 1889 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் தினசரியாயிற்று.

நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம். 1885 டிசம்பரில் கோவாலியா டேங்க் பக்கத்தில், கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருத கல்லூரியில் காங்கிரஸின் முதல் மகாசபை 72 பிரதிநிதிகளோடு கூடியது. அதில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இந்தத் திருவையாற்றுக்காரர்தான். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சட்டம் இருந்தது, துணிவு இல்லை

ஐயரின் பேனா அரசாங்கத்தைக் கண்டிப்பதோடு நிற்கவில்லை. பால்ய விவாகத்தையும், சிறு வயதில் கணவனை இழந்த பெண்களை மூலையில் உட்கார வைப்பதையும் எதிர்த்து எழுதினார். அந்நியன் நமக்கு நியாயம் செய்யவில்லை என்று கேட்பவன், தன் வீட்டுக்குள் நியாயம் செய்கிறானா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

அந்தக் காலத்து நிலைமையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் அத்தைப்பாட்டி ஒருவர் இருந்தார். ஒன்பது வயதில் கல்யாணம். பதினொரு வயதில் அவர் ஆத்துக்காரர் போய்விட்டார். அந்த முகமே பாட்டிக்கு நினைவில் இல்லை. பெரியவளானதும் தலையை மழித்தார்கள். அதன்பிறகு அறுபது வருஷங்களுக்கு மேல் அதே முக்காடு, ஒரு வேளைச் சாப்பாடு. எங்கள் வீட்டு அப்பளம், வடாம், ஊறுகாய் எல்லாம் அவர் கைவேலை. பிரசவம் பார்த்துக் குழந்தைகளைக் குளிப்பாட்டி வளர்த்ததும் அவரே. ஆனால் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால், அவர் தாமே கொல்லைப்புறம் போய்விடுவார். எங்கள் நன்மைக்காகத் தான் எதிரே வரக்கூடாது என்று உண்மையிலேயே நம்பினார்.

விதவைகளின் மறுமணத்தை அங்கீகரிக்கும் சட்டம் 1856-லேயே வந்துவிட்டது. வங்காளத்தில் ஈசுவர சந்திர வித்தியாசாகர் பராசர ஸ்மிருதியை ஆதாரமாகக் காட்டி, சாஸ்திரம் இதற்கு இடம் கொடுக்கிறது என்று நிறுவியிருந்தார். 1881-ல் ராஜமகேந்திரத்தில் வீரேசலிங்கம் பந்துலு ஒரு மறுமணத்தை நடத்திக் காட்டினார். ஆக, சட்டமும் இருந்தது, சாஸ்திர ஆதாரமும் இருந்தது. படித்தவர்கள் மேடைகளில் ஆதரித்துப் பேசவும் செய்தார்கள். ஆனால் வீட்டில் ஒரு பெண் அப்படி ஆகிவிட்டால், பேசியவர்களே தாயாரைக் காரணம் காட்டினார்கள், அடுத்த பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும் என்றார்கள், இன்னும் காலம் வரவில்லை என்றார்கள்.

இந்த நிலையில்தான் ஐயர் வீட்டிலேயே அது நேர்ந்தது. அவருடைய மகள் சிவப்பிரியா சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். 12, 13 வயதுதான் இருக்கும்.

1889 டிசம்பர்

அவர் இருந்த இடத்தை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். வயது 34. பத்திரிகை தினசரியாகிச் சில மாதங்களே ஆகின்றன. கடன் வாங்கித் தொடங்கியது இப்போதுதான் நிலைக்கிறது. சந்தா கட்டுகிறவர்கள் யார்? வக்கீல்கள், மிராசுதார்கள், உத்தியோகஸ்தர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசாரம் மிகுந்த குடும்பத்தார். வெள்ளைக்கார கவர்னரைத் தாக்கி எழுதினால் அவர்கள் மெச்சுவார்கள். தங்கள் வீட்டு வழக்கத்தைத் தொட்டால் சந்தாவை நிறுத்துவார்கள். இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

மகளை வீட்டோடு வைத்துக்கொண்டு, தலையை மழிக்காமல், படிக்க வைத்திருக்கலாம். அன்றைக்கு அதுவே பெரிய முன்னேற்றம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அல்லது கண்காணாத ஊரில் ரகசியமாக ஒரு கல்யாணத்தை முடித்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை.

1889 டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸின் ஐந்தாவது மகாசபை கூடியது. வில்லியம் வெட்டர்பர்ன் தலைமை வகித்தார். தேசத்தின் எல்லா மாகாணங்களிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் அதே ஊரில் ஐயர் தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார்.

ஏன் பம்பாய்? எனக்குத் தோன்றுவது இதுதான். சென்னையில் இதற்குத் துணை நிற்கக்கூடியவர்கள் சிலர். பம்பாய் மாகாணத்தில் ரானடே போன்ற சீர்திருத்தவாதிகள் இருந்தார்கள். அதைவிட முக்கியம், தேசமே கூடியிருக்கும் இடத்தில் நடந்த கல்யாணத்தை யாரும் மூடி மறைக்க முடியாது. பத்து வருஷங்களுக்கு மேலாகத் தாம் எழுதிவந்த தலையங்கங்களுக்கு அவர் பந்தலில் நின்று கையெழுத்துப் போட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொடுத்த விலை

ஊர் திரும்பியதும் எதிர்பார்த்ததே நடந்தது. ஜாதிக் கட்டுப்பாடு செய்து உறவினர் ஒதுக்கினார்கள். ஜாதிப்பிரஷ்டம் என்பது இன்றைக்கு வெறும் சொல். அன்றைக்கு அது வீட்டுக்கு வாத்தியார் வராமல் போவது. சிராத்தத்துக்குப் பிராமணர் கிடைக்காமல் போவது. ஒன்றாக வளர்ந்தவர்கள் அவர் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுப்பது.

அவர் பின்வாங்கவில்லை. தொடர்ந்து எழுதினார். அவதூறு வழக்குகளும் சேர்ந்துகொண்டன. சமூக சீர்திருத்தத்தில் அவர் காட்டிய வேகம் வாசகர்களைக் கோபப்படுத்தியது, பத்திரிகைக்கு நஷ்டம் வந்தது. கூட்டாளி வீரராகவாச்சாரியாரோடு கருத்து வேற்றுமை முற்றியது. கடைசியில் 1898-ல் ஐயர் 'ஹிந்து'வை விட்டு விலகினார். இருபது வருஷம் வளர்த்த பத்திரிகை. வீரராகவாச்சாரியார் கெட்டவரில்லை. பத்திரிகை பிழைக்க வேண்டும் என்று நினைத்தவர். ஏழு வருஷம் கழித்து, 1905-ல், அதைக் கஸ்தூரிரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார்.

இடையே இன்னொரு வழக்கத்தையும் ஐயர் கடந்தார். பிராமணன் கடல் தாண்டக்கூடாது என்பது அன்றைய கட்டுப்பாடு. 1897-ல் வெல்பி கமிஷன் முன் இந்தியாவின் செலவினங்களைப் பற்றிச் சாட்சி சொல்ல கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோரைப் போல இவரும் லண்டன் போனார். இந்தியாவின் வறுமையை அந்த சபையில் எடுத்துச் சொல்வதா, கப்பல் ஏறாமல் இருப்பதா என்ற கேள்வி வந்தபோது, அவருக்குப் பதில் கஷ்டமாக இருந்திருக்காது.

'ஹிந்து' போன பிறகு மிஞ்சியது 'சுதேசமித்திரன்'. அதை அவர் 1882-லேயே வாரப் பத்திரிகையாகத் தொடங்கியிருந்தார். இதிலும் ஒரு பழக்கத்தை விட்டவர் அவர். படித்தவன் அரசியலை இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று நினைத்த காலம் அது. இங்கிலீஷ் அறியாத ஜனங்களிடம் பேசாமல் தேசத்துக்கு என்ன பயன் என்று தமிழில் எழுத ஆரம்பித்தார். 1899-ல் 'சுதேசமித்திரன்' தினசரியாயிற்று. எத்தனையோ அரசியல் சொற்களுக்குத் தமிழ் தேட வேண்டியிருந்தது. 1904-ல் எட்டயபுரத்து இளைஞர் ஒருவரை உதவி ஆசிரியராகச் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞர் சுப்பிரமணிய பாரதி. பத்திரிகைத் தொழிலை அவர் கற்றது ஐயரிடம்தான்.

1908-ல் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் ஐயர் கைதானார். அப்போதே உடம்பு சரியில்லை. உடலெல்லாம் புண்ணாகும் கொடிய நோய் அவரைப் பிடித்திருந்தது. அதோடு போராடிக்கொண்டே எழுதினார். 1916 ஏப்ரல் 18-ஆம் தேதி, 61-ஆவது வயதில் காலமானார்.

எதை விட்டோம், எதை வைத்துக்கொண்டோம்

இந்தச் சரித்திரத்தை நான் முதலில் படித்தது காலேஜ் நாட்களில். படித்துவிட்டு அவரை மனதார மெச்சினேன். மெச்சியதோடு சரி.

1994-ல் என் தகப்பனார் காலமானார். எனக்கு அப்போது 46 வயது. நல்ல உத்தியோகம், சொந்த ஃப்ளாட், பேச்சுக்குப் பஞ்சமில்லை. பத்தாம் நாள் காரியத்துக்கு முதல் நாள் இரவு, ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து என்னென்ன செய்ய வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். விடியற்காலையில் அம்மாவை உட்கார வைத்து, பூ வைத்து, குங்குமம் இட்டு, கண்ணாடி வளையல் போட்டு, பிறகு எல்லாவற்றையும் எடுப்பது. என் தங்கை என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, இது வேண்டாம் என்று சொல்லும்படி அழுதுகொண்டே கேட்டாள். நான் தலைப்பிள்ளை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். பெரியவர்கள் மனது புண்படக்கூடாது என்று சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு பதினோரு வருஷங்கள் உயிரோடு இருந்தாள். என் பெண்ணின் நிச்சயதார்த்தத்தன்று உள் அறைக் கதவின் பின்னால் நின்று பார்த்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொன்னது நான் அல்ல என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் வழக்கங்கள் எல்லாம் பொருளற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. நித்தியம் சந்தியாவந்தனம் செய்கிறேன். சிராத்தம் விடுவதில்லை. ஒரு வழக்கம் ஏற்பட்டபோது அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, அதனால் வீட்டில் யாருக்காவது நன்மை உண்டா என்று கேட்டுப் பார்ப்பது தவறாகாது.

மேலும், நாம் விடாதவர்களும் இல்லை. குடுமியை விட்டோம், ஆபீஸுக்குப் போக வேண்டியிருந்தது. பெரியவளாவதற்கு முன் கல்யாணம் என்பதை விட்டோம், 1929-ல் சாரதா சட்டம் வந்தது. ஐந்து நாள் கல்யாணத்தை ஒன்றரை நாளாக்கினோம், மண்டப வாடகையும் லீவும் கட்டுப்படியாகவில்லை. கடல் தாண்டினால் தோஷம் என்றவர்களின் கொள்ளுப்பேரன்கள் கலிபோர்னியாவில் வீடு வாங்கிவிட்டார்கள். இதற்கெல்லாம் யாரும் நம்மை ஜாதியை விட்டுத் தள்ளவில்லை. நமக்கு அசௌகரியமாக இருந்ததை மெதுவாக விட்டுவிட்டோம். பேசாமல் பொறுத்துக்கொண்டவர்கள் தலையில் இருந்ததை மட்டும் சம்பிரதாயம் என்று பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சுப்பிரமணிய ஐயரிடம் நான் கற்றுக்கொண்டது இது. ஒரு வழக்கம் தவறு என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகும் அது பல வருஷங்கள் நடக்கும். எழுதிப் புரிய வைப்பதால் மட்டும் அது நிற்காது. ஊரறிந்த ஒருவர் தம் வீட்டில், நாலு பேர் பார்க்க, வேறு விதமாகச் செய்து காட்டும்போதுதான் அடுத்தவருக்குத் தைரியம் வரும். அவர் அதற்காகப் பத்திரிகையையும் உறவையும் இழந்தார். நமக்கு அவ்வளவு விலை இல்லை. சில பேர் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம்

வரும் நவராத்திரிக்கு நம் சங்கத்து ஹாலில் தாம்பூலம் கொடுக்கும்போது, வந்திருக்கும் பெண்மணிகள் எல்லோருக்கும் வித்தியாசமில்லாமல் கொடுக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். குங்குமம் இட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். தட்டு யாரையும் தாண்டிப் போகக்கூடாது, அவ்வளவுதான் என் கோரிக்கை. வெளியில் சொல்லி ஒரு தீர்மானமாகவே செய்தால் நல்லது. கண்டும் காணாமல் செய்தால், அந்த மாமி வழக்கம்போல் முன்னதாகவே எழுந்து போய்விடுவார்.

ஆட்சேபணை உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லுங்கள், மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். சம்மதம் உள்ளவர்களும் தயவுசெய்து வாருங்கள். என் தங்கை இப்போது தாணாவில் இருக்கிறாள். இந்த விண்ணப்பத்தின் நகலை அவளுக்குத்தான் முதலில் அனுப்பினேன். படித்துவிட்டு போன் செய்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அன்றைக்குச் சுண்டல் அவள் செய்து கொண்டுவருவதாகவும், மாமியைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள்.